தாமரைக்கு அல்லி சொந்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பேத்தியின் கையேட்டில் இன்னமும் பூக்கும் தாவரம் என்றால் ஒருவித்திலை, இருவித்திலை, அவ்வளவுதான். 1998-லேயே மரபணுவை ஒப்பிட்டு ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு இதை மாற்றிவிட்டது. நெல், தென்னை, வாழை இருக்கும் ஒருவித்திலை அப்படியே நிற்கிறது, இருவித்திலைதான் உடைந்து, மிளகு, வெற்றிலை, சீத்தா, செண்பகம் எல்லாம் மக்னோலிட் என்று தனிக் கிளையாகப் போக, மாவும் அவரையும் வேறு கிளையில் இருக்கின்றன. அப்புறம், மாடவீதியில் தாமரை வாங்கும்போதெல்லாம் அல்லிக்கு அக்காள் என்றே நினைத்திருந்தேன். அல்லி மிகப் பழைய கிளை. தாமரைக்கு உறவு, ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்காம்! கையேடு போடுகிறவர்கள் அடுத்த பதிப்பிலாவது திருத்தக் கூடாதா?

ஒரு பாட்டி,
மயிலாப்பூர், சென்னை-4