கப் மட்டும் பாத்து யாரையும் புடிக்கிறதில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க விளையாட்டுப் பக்கத்துல டெனிஸ் செய்தி வந்தா யாரு ஜெயிச்சா, எத்தன செட், அவ்வளவுதான் இருக்கு, ஆனா ஹட்டன் பக்கம் டீவியில மட்டும் மெட்ச் பாக்குற எங்களுக்கு ஒரு ஆட்டக்காரர புடிச்சுப்போறதுக்கு காரணம் வேறங்க.

2005ல ரோம்ல அமெரிக்க ஆட்டக்காரர் அன்டி ரொடிக் ஸ்பெயின்காரர் வெர்டாஸ்கோ கூட ஆடுறாரு, ரொடிக்குக்கு மெட்ச் பொயின்ட், அதாவது இன்னும் ஒரு பொயின்ட் எடுத்தா ஜெயிச்சிருவாரு, வெர்டாஸ்கோவோட ரெண்டாவது சேர்விஸ அவுட்னு சொல்லிட்டாங்க, அந்த பொயின்ட் ரொடிக்குக்குத்தான், மெட்ச் முடிஞ்ச மாதிரிதான், ஆனா ரொடிக்கே செம்மண்ணுல பந்து விழுந்த தடத்தக் காட்டி இல்ல இது உள்ளதான்னு சொல்லிட்டாரு, கடைசில அந்த மெட்ச்சையே தோத்தாரு. அவரு பேசாம கைகுடுத்துட்டு போயிருக்கலாம். அதுக்காகவே எனக்கு அவர் மேல அவ்வளவு மரியாத.

ஸ்பெயின் ஆட்டக்காரர் நடால்னா அவரு எடுத்த 14 பிரெஞ்சு ஓபன் கப் கணக்கத்தான் எழுதுறீங்க, எனக்கு 2022 அவுஸ்திரேலிய ஓபன் பைனல்தான், மெத்வதேவ்கிட்ட முதல் ரெண்டு செட்டயும் விட்டுட்டு அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல நின்னு ஜெயிச்சாரே, அந்த மனசு! அதவிட பெருசு, கோவத்துல ஒரு ரெக்கட்டக்கூட ஒடைக்காத ஆளு. 2019ல இடுப்புல உலோகம் வச்சு ஒப்பரேஷன் பண்ணி அதே வருஷம் பெல்ஜியத்துல அன்ட்வேர்ப்ல கப் எடுத்த பிரிட்டன் ஆட்டக்காரர் அன்டி மரேயையும் அந்த விடாத மனசுக்காகத்தான் புடிக்கும்.

நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்கு கிரிக்கெட்டும் வொலிபோலும்தான் பழக்கம், டெனிஸ் கோர்ட்ட கிட்டப்போய் பாத்ததே இல்ல, இதெல்லாம் பேப்பர்ல வந்தாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அரைப்பக்கமாவது இதுக்கு ஒதுக்குங்க ஐயா.

இப்படிக்கு,
டெனிஸ் ரசிகன், ஹட்டன்