மலை ஜீப்புகளின் டயர்கள் தாங்கும் சுமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு மலைச்சாலையிலும், கல் பெயர்ந்த தோட்டப் பாதையிலும் ஓடுகின்றன. இவற்றுக்கு டயர் மாற்றும்போது பட்டன் (தரையைப் பற்றும் மேற்பரப்புக் கட்டைகள்) ஆழமும் விலையும் பேசப்படும் அளவுக்கு, அந்த டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பது பேசப்படாதது மிகுந்த கவலை அளிக்கிறது.

டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்துப் பொறித்திருக்கும் எண்தான் சுமைக் குறியெண். அது 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 100 குறியெண் டயர் நான்குக்கும் சேர்த்து 3,200 கிலோ என்று கூட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது தவறான கணக்கு. ஜீப்பில் ஏறும் சுமையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் விழுகிறது. அங்கே 1,500 கிலோ இருந்தால் ஒவ்வொரு பின் டயருக்கும் 750 கிலோ. 100 குறியெண் டயரில் மிச்சம் 50 கிலோ மட்டுமே. ஏற்றத்தில் எடை பின்னுக்கு நகரும்போதும், கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும்போதும் அந்த மிச்சமும் போய்விடும். பயணியர் காருக்கான டயரை ஜீப் போன்ற பல்பயன் வண்டியில் பொருத்தினால் அதன் சுமைத் திறனை 1.10 ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. அதன்படி 800 கிலோ டயர் ஏறத்தாழ 727 கிலோவுக்கே உரியது.

அதிகப் பிளை (டயரின் உள்ளே வலுவூட்டும் இழை அடுக்கு) உள்ள டயர் போட்டால் கவலையில்லை என்று நினைப்பதும் சரியல்ல. சுமையைத் தாங்குவது உள்ளிருக்கும் காற்று. கனமான டயர் தன் முழுத் திறனைக் காட்ட அதற்குரிய உயர்ந்த காற்றழுத்தம் வேண்டும். சேற்றில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்தவர், தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் நிரப்பாமல் சுமையோடு வேகமாக ஓட்டினால், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கக்கூடும்.

ஆகவே, வழக்கமான சுமையோடு வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய்ப் பின் அச்சை மட்டும் தனியே நிறுத்தி எடை பார்த்து, அதில் பாதியைவிடத் தாராளமாகக் கூடுதல் திறனுள்ள டயரையே உரிமையாளர்கள் வாங்க வேண்டும். அச்சும் பிரேக்கும் மாறாததால், வலுவான டயர் கூடுதல் ஆளேற்ற அனுமதியாகாது. தகுதிச் சான்று ஆய்வில் சுமைக் குறியெண்ணை வண்டியின் பதிவு எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், டயர் கடைகள் ரசீதில் அந்த எண்ணைக் குறிப்பிடவும் போக்குவரத்துத் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர், போடிநாயக்கனூர்