எட்டு போடும் முன் பாதத்தைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் சர்க்கரை நோயாளிகள் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நடை நல்லதுதான். ஆனால் கால் மரத்துப்போனவருக்கு அந்தக் கல் ஆகாது. கொப்புளம் கிளம்பினாலும் வலிக்காது. வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியவரும்.

மரத்திருக்கிறதா என்று அறியச் சில நிமிடம் போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று உண்டு. நோயாளி கண்ணை மூடியிருக்க, கட்டைவிரலின் அடியிலும் முன்பாதத்தில் மூன்று இடங்களிலும் அதை வளையும்வரை வைத்து எடுப்போம். ஓரிடத்தில் உணர்வு தெரியாவிட்டாலும் வெறுங்கால் நடைக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (நுண்துளை கொண்ட மென்மையான ரப்பர்) செருப்புதான். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்; தோல் வெந்தாலும் தெரியாது.

அடுத்தது கணுக்கால். இதை யாரும் கவனிப்பதில்லை. நெடுநாள் சர்க்கரையால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் இறுகிவிடும். நடக்கும்போது குதிகால் சீக்கிரமே எழும்பிவிட, பாரம் விரல்களின் அடிப்பகுதியில் விழுகிறது. அங்கே முதலில் காய்ப்பு, பிறகு அதன் அடியில் புண். சுவரில் இரு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அந்த முழங்காலை மடக்காமல், குதிகால் தரையில் படிய 30 விநாடி நில்லுங்கள். தினமும் காலுக்கு 3 முறை. பாதத்தில் புண் இருந்தால் செய்யக் கூடாது.

சர்க்கரையை இறக்கத் தொடைத் தசை பெருந்துணை. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவியில்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். சற்று ஓய்வெடுத்து மறுபடி 10. வாரம் 3 நாள் போதும். மூச்சை அடக்காதீர்கள், முற்றிய விழித்திரை பாதிப்பு உள்ளவருக்குக் கண்ணில் ரத்தம் கசியலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால், ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. வருபவரிடம் பாதத்தைக் காட்டிக் கேளுங்கள். பூங்கா வாசல்தோறும் ‘கால் மரத்தவர்கள் கல் பாதையில் இறங்க வேண்டாம்’ என்று உள்ளாட்சி நிர்வாகங்கள் பலகை வைக்க வேண்டும்; அருகிலேயே அவர்களுக்கெனக் கல் பதிக்காத சமதளப் பாதையும் வேண்டும்.

– இயன்முறை மருத்துவர்கள், மதுரை