2024–25 ஆண்டறிக்கை: மேட் கபடி வீரர்களின் உணவு

தலைவர், பொதுக்குழு உறுப்பினர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

போட்டி முடிவுகளும் வரவுசெலவும் தனித்தாளில் உங்கள் கையில் உள்ளன. இந்த அறிக்கையில் நம் சங்கம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட உணவு வேலையை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் சாப்பிடும் அளவு பெரும்பாலும் போதுமானதே. நேரம்தான் கோளாறு. மதியம் 1 மணிக்குச் சோறு, மாலை ஒரு டீ, 6 மணிக்கு மேட் (விரிப்பு) பயிற்சி, இரவு 9.30க்குப் பரோட்டா. கடைசி அரைமணியில் ரைடர் (பாடிப்போகும் வீரர்) எதிரணிப் பக்கத்திலுள்ள போனஸ் கோட்டைத் தாண்டாமலே திரும்பினால் திட்டுகிறோம். தசையில் சேமித்த மாவுச்சத்து அதற்குள் குறைந்திருக்கும். எனவே 4.30க்கு இரண்டு வாழைப்பழம் அல்லது மூன்று இட்லி என்று வைத்தோம். வடை, பஜ்ஜி கூடாது. எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினால் வாந்திதான்.

நாள் முழுவதற்கும் உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து, 1.4 முதல் 2 கிராம் புரதம் என்பது கணக்கு. 70 கிலோ வீரருக்கு 100 முதல் 140 கிராம் புரதம். அதை ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு 20–25 கிராமாகப் பிரிக்க வேண்டும். மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும் ஒரு வேளைக்குச் சரியாக வரும். சைவர்களுக்குச் சுண்டல், தயிர், வேர்க்கடலை, பனீர். பவுடர் டப்பா கேட்டவர்களுக்கு முட்டைத் தட்டு வாங்கித் தந்தோம், கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை. டப்பாவில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாது என்ற பதில் வீரரைக் காப்பாற்றாது.

தண்ணீர்க் கணக்கைத் தராசு வைத்துப் பார்த்தோம். தகரக் கூரை அரங்கில் காற்று அசையாது, வியர்வை உலராமல் வழியும். பயிற்சிக்கு முன் ஒருவர் 71.4 கிலோ, பின் 70.3; நடுவில் குடித்தது 600 மில்லி. ஆக வியர்வை சுமார் 1.7 லிட்டர். நனைந்த ஜெர்சியோடு தராசில் ஏறினால் துணியிலுள்ள வியர்வையும் எடையாகக் காட்டும். கழற்றி, துடைத்துவிட்டு ஏற வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள், அதுவும் ஆபத்தே.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை. சர்க்கரையைக் கூட்டினால் வயிறு உப்பி, 'கபடி கபடி' பாட்டு பாதியில் நிற்கும். ஓஆர்எஸ் உப்பு இழப்புக்கு நல்லது, தெம்புக்குப் போதுமான அளவு சர்க்கரை அதில் இல்லை. லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கரைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். உப்பு இருமடங்காகிக் குமட்டும்.

போட்டியின் எடை வரம்புக்குள் வர, எடை பார்க்கும் நாளில் பட்டினி கிடந்து, ஸ்வெட்டர் போட்டு ஓடுவதை இவ்வாண்டு நிறுத்தினோம். அப்படி இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி நீரும் தசையின் மாவுச்சத்தும்தான், ஆடத் தேவைப்படும் சரக்கே அது. இனி வாரத்துக்கு அரைக் கிலோ வீதம், மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எடை முடிந்ததும் பிரியாணிக்கு ஓடாமல் தயிர்ச்சோறு, இட்லி.

பெண்கள் அணிக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னோம்; 12க்குக் கீழ் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேர இடைவெளியும், சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும்.

பகலில் வகுப்பறை, மாலையில் அரங்கம் என்றால் வெயில் படுவதே இல்லை. வைட்டமின் டி குறையும். காலை 6 மணி ஓட்டம் இதற்கு உதவாது. ஞாயிறுதோறும் 10 மணிக்குமேல் அரைமணி வெளிமைதானப் பயிற்சி சேர்த்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு 100 கிராம் துல்லியமுள்ள ஒரு தராசும், மாலை வாழைப்பழத்துக்கான மாத ஒதுக்கீடும் கேட்டு இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்