முதுகுத் தண்டு நீரும் ரத்தமும் முதலிலேயே எடுக்கப்பட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் பற்றிய தங்கள் கட்டுரை மூட்டு, தோல், சிறுநீரகப் பாதிப்புகளை நன்றாக விளக்கியது. ஆனால் நரம்பு மண்டலம் பற்றி, எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும் என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது. அது சரியல்ல.

நரம்பணுக்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தை உடலின் ஆன்டிபாடிகளே (எதிர்ப்புப் புரதங்களே) தாக்குவதால் வருவது, 2007-இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி. இதில் பாதிப் பேருக்கு மேல் முதல் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கும். தூக்கமின்மை, காரணமில்லாத பயம், பிதற்றல் என்று தொடங்குவதால் மனநோய் என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். வலிப்பும், வாய் தானாகக் கோணிக்கொண்டே இருப்பதும், பேச்சு அடங்குவதும் பிறகுதான் வரும். மூன்று மாதத்துக்குள் நினைவோ நடத்தையோ வேகமாக மாறினால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து, முதுகுத் தண்டு நீரையும் சோதிக்க வேண்டும். ரத்தத்தை மட்டும் சோதித்தால் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ஆன்டிபாடி அகப்படாது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். இந்நோய்களுக்குச் சிகிச்சையாக நரம்பு வழி ஏற்றும் ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி. அதை ஏற்றிய பின் ரத்தம் எடுத்தால், கொடையாளிகளின் ஆன்டிபாடியே நோயாளியுடையதுபோல் முடிவில் வந்து நிற்கலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியை அகற்றி மாற்றும் பிளாஸ்மா மாற்றம் என்ற சிகிச்சையோ, நோயாளியிடம் உள்ள ஆன்டிபாடியையும் வெளியேற்றிவிடும். ஆகவே முதலில் மாதிரியை எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்காக முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இதே போன்ற அறிகுறிகளைத் தரக்கூடிய ஹெர்பெஸ் வைரஸ் தொற்று மூளையில் இல்லை என்று உறுதியாகும்வரை, அதற்கான மருந்தான அசைக்ளோவிரும் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் வந்தால் எண்டோஸ்கோப்பி செய்து வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லையென்றால் அக்வாபோரின்-4 ஆன்டிபாடியைச் சோதிக்க வேண்டும். இந்த ஆன்டிபாடியால் வரும், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய் மூளைத்தண்டில் இப்படியும் தொடங்கும். இதை மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற வேறொரு தன்னெதிர்ப்பு நரம்பு நோய் என்று எண்ணி, அதற்கான மருந்துகளான இன்டர்ஃபெரான் பீட்டாவோ ஃபிங்கோலிமோடோ கொடுத்தால் நோய் முற்றக்கூடும்.

மிகக் கடினமானது, தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என்று பல உறுப்புகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான லூபஸ். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று புத்தி பேதலித்தால் அது நோயாலா, மருந்தாலா, தொற்றாலா? மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒற்றைச் சோதனை கிடையாது. நோய் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்தே காரணம் என்றால் குறைக்க வேண்டும். முதலில் முதுகுத் தண்டு நீரைச் சோதித்துத் தொற்றை விலக்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது தேதிகளை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும்போது மனக்குழப்பம் வரும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் முதல் மாற்றம் என்று வீட்டார் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், எந்த ஸ்கேனும் தராத தகவல் மருத்துவருக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு நரம்பியல் மருத்துவர்