ஜின்ஜு கோட்டைக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1592 முதல் 1598 வரை கொரியா மீது ஜப்பான் தொடுத்த போரைப் பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரை, கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் கடற்போர்களைச் சிறப்பாக விவரித்திருந்தது. ஆனால், தென்மேற்கில் நெல் விளையும் ஜொல்லா மாகாணம் முதலாண்டில் ஜப்பானியர் கைக்குப் போகாததற்குக் கடற்படை ஒன்றே காரணம் என்ற அதன் முடிவு சரியன்று. கிழக்கிலிருந்து அம்மாகாணத்துக்குச் செல்லும் தரைவழியை அடைத்து நின்றது ஜின்ஜு கோட்டை.

1592 நவம்பரில் ஏறத்தாழ 3,800 வீரர்களுடன் அக்கோட்டைக்குள் இருந்த கொரியத் தளபதி கிம் சி-மின், தம் படையைப்போல் பல மடங்கு பெரிய ஜப்பானியப் படையைச் சில நாள்கள் தடுத்து நின்று, இறுதியில் பின்வாங்கச் செய்தார். ஆள்பலம் மிகுதி என்று எதிரி எண்ணும்படி முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வீரர் உடை அணிவித்தார். இரவில் குழலிசைக்கச் செய்து ஊராரின் கலக்கத்தைத் தணித்தார். மூங்கில் ஏணிகளில் ஏறி வந்தவர்கள் மீது கல்லும் கொதிநீரும் விழுந்தன. வெளியே, செவ்வாடைத் தளபதி எனப் பெயர்பெற்ற, கொரியத் தொண்டர் படைத் தலைவர் குவாக் ஜே-உ அனுப்பிய சிறு படை, குன்றின்மேல் தீவட்டி ஏந்தி, கொம்பூதி, பெரும்படை வந்துவிட்டதாக எதிரியை நம்பவைத்தது. இறுதி நாளில் குண்டடிபட்ட கிம் பின்னர் உயிரிழந்தார். யி சுன்-சின்னுக்கு வழங்கப்பட்ட 'சுங்மு' என்ற அதே சிறப்புப் பட்டம் பிற்காலத்தில் இவருக்கும் வழங்கப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

1597-இல் கொரியக் கடற்படை சில்ச்சொல்லியாங் நீரிணையில் அழிந்த பிறகே ஜொல்லா வீழ்ந்தது என்று கட்டுரையாளர் மறுக்கக்கூடும். அது உண்மைதான்; கடற்படையின் பங்கை நானும் குறைக்கவில்லை. ஆனால் 1593-இல், கொரியாவுக்குத் துணைநின்ற சீனாவின் மிங் அரசுடன் சமாதானம் பேசிக்கொண்டே, சியோலிலிருந்து பின்வாங்கிய தம் படைகளில் 90,000 பேர் அளவுக்கு இந்த ஒரே கோட்டையின் மீது ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி ஏவியது ஏன்? முந்தைய தோல்வி அவரை அந்த அளவுக்கு உறுத்தியது. இம்முறை மிங் படை உதவிக்கு வரவில்லை. மழையில் மதில் சரிய, தளபதி ஹ்வாங் ஜின், கிம் சொன்-இல் ஆகியோர் மாண்டனர். கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த பல்லாயிரம் பொதுமக்கள் கொல்லப்பட்டனர்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இவ்விரு முற்றுகைகளுக்கும் உரிய இடம் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி