கேள்வி கேட்பது வேறு, படிக்கக் கற்றுத்தருவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் பத்தியைப் படிக்கிறார்கள், பொருள்தான் பிடிபடுவதில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் மருந்து, இன்னொரு பத்தியும் அதன்கீழ் இன்னும் ஐந்து கேள்விகளும்தான். கேள்வி கேட்பது சோதனை. புரிந்துகொள்ளும் வழியைக் காட்டுவதே கற்பித்தல். முதலாவதைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நம்புகிறோம். 1970களின் இறுதியில் டோலரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறைகளில் உட்கார்ந்து நேரத்தைக் கணக்கெடுத்தார். வாசிப்பு வகுப்பில், பொருள் புரியும் முறையைச் சொல்லித்தரச் செலவானது 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது அவர் கண்டது. கேள்வி கேட்பதும் பயிற்சி கொடுப்பதுமே மேலோங்கியிருந்தன. இன்று நம் வகுப்புகளில் யாரேனும் கடிகாரத்தோடு உட்கார்ந்தாலும் படம் பெரிதாக மாறிவிடாது என்பது என் எண்ணம்.

நம் கேள்விகள் எதைச் சோதிக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 'மிழவன் தொளுக்கில் தவுளியைக் கூமித்தான்' என்று ஒரு வாக்கியம். இதில் பொருளுள்ள சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'மிழவன் எதைக் கூமித்தான்?' என்றால் 'தவுளியை' என்றும், 'எங்கே கூமித்தான்?' என்றால் 'தொளுக்கில்' என்றும் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். வேற்றுமை உருபு தெரிந்தால் போதும், முழு மதிப்பெண். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதும் மாணவன் இதைத்தான் செய்கிறான். அவனுக்கு 'நன்று' போட்டு அனுப்பிவிட்டு, பிறகு பெரிய வகுப்பில் கட்டுரை புரியவில்லை என்று அவனையே குறை சொல்கிறோம்.

முதலில் கோளாறு எங்கே என்று பிரித்தறிய வேண்டும். 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன கணக்கு எளிமையானது. எழுத்தைச் சொல்லாக்கும் திறனும், சொல்லக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்படும்போதுதான் வாசிப்பு. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆகவே பத்தியை ஆசிரியர் வாசித்துக்காட்டிக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் புரிகிறது, தானே படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் சரளத்தில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு 100 சொற்களுக்குள் அடங்கும் ஒரே பகுதியை மூன்று நான்கு முறை வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி தேவை. 100 சொற்களில் பத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் பகுதியே அவருக்குக் கடினம், எளிதானதைக் கொடுக்க வேண்டும். கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் சொல்லிலோ, வாக்கிய அமைப்பிலோ, பின்புல அறிவிலோ இருக்கிறது. இவரை எத்தனை முறை உரக்கப் படிக்கச் சொன்னாலும் பயனில்லை. இரு வகையினருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதால்தான் இரு வகையினரும் முன்னேறுவதில்லை.

வாக்கிய அமைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், எச்சங்கள் முன்னால் அடுக்கிக்கொண்டே போகும். 'நேற்றுத் திரும்பிய அண்ணன் வாங்கிவந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த சிறுமியை அழைத்த பாட்டி சிரித்தாள்.' சிரித்தது யார் என்று கேட்டால் கணிசமானோர் சிறுமி என்பார்கள். நடுவில் வந்து மனத்தில் தங்கியவள் அவள்தான். இதற்குத் தீர்வு கடைசியிலிருந்து தொடங்குவது. வினைமுற்றின்கீழ் கோடு. சிரித்தது யார்? பாட்டி. எந்தப் பாட்டி? சிறுமியை அழைத்த பாட்டி. எந்தச் சிறுமி? புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள். இப்படிப் பின்னோக்கிப் போய், பிறகு அந்த ஒரு வாக்கியத்தை ஐந்து சிறு வாக்கியங்களாக எழுதச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்புக்கு இத்தகைய இரண்டு வாக்கியங்கள் போதும். பெயரெச்சம், வினையெச்சம் என்று பெயர் சூட்டி வகைப்படுத்துவதோடு நம் இலக்கண வகுப்பு நின்றுவிடுகிறது. அதே அறிவு நெடுவாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் கருவி என்று சொல்லித்தருவதில்லை.

அடுத்தது சுட்டுப்பெயர்கள். 'தலைமையாசிரியர் மாணவனின் தந்தையைச் சந்தித்தார். அவர் கோபமாக இருந்ததால் பேச்சு நீளவில்லை.' கோபம் யாருக்கு? இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துச் சொல்ல முடியாது, மூன்றாவது வாக்கியம் வேண்டும். 'சொல்ல முடியாது' என்பதும் சரியான விடை என்று மாணவர் அறிய வேண்டும். பத்தியிலுள்ள ஒவ்வொரு 'அவர்', 'அது', 'இதனால்' என்ற சொல்லிலிருந்தும் அது குறிக்கும் இடத்துக்கு அம்புக்குறி போடச் சொன்னால், யாருக்கு எங்கே இழை அறுந்தது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். 'எனினும்', 'ஆகவே', 'மாறாக' போன்ற இணைப்புச் சொற்களுக்கு, அந்தச் சொல்லோடு வாக்கியத்தை நிறுத்தி மீதியை முடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. 'மழை நன்றாகப் பெய்தது, எனினும்...' என்பதை 'பயிர் செழித்தது' என்று முடிப்பவருக்கு எனினும் என்பது வெறும் ஒலி.

பின்புல அறிவு இல்லாமல் எந்த உத்தியும் பலிக்காது. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தனர். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடப் பகுதியை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஆகவே ஒரு வாரம் தேனீ, மறுவாரம் விண்கலம், அதற்கடுத்து நாணய வரலாறு என்று தாவுவதைவிட, ஒரே பொருளில் நான்கைந்து பகுதிகளை அடுத்தடுத்துப் படிப்பது மேல். முதல் பகுதியில் கற்ற சொல் மூன்றாவது பகுதியில் தானாகக் கைகொடுக்கும்.

40 நிமிட வகுப்பொன்றுக்கு 150 முதல் 200 சொற்கள் கொண்ட ஒரு பகுதி போதும். ஆசிரியர் முந்தைய நாளே அதைப் படித்து, மாணவர் தடுக்கி விழக்கூடிய மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டிப் பொருள் சொல்ல வேண்டிய சொற்கள் மூன்று அல்லது நான்கு, அதற்கு மேல் வேண்டாம். பகுதியின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. அதன்பின் மாணவர் படிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஆசிரியர் ஒருமுறை சரளமாக வாசித்துக்காட்டி, குறித்த இடங்களில் நின்று, தன் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'இதனால் என்கிறாரே, எதனால்? முந்தைய வரிக்குப் போகிறேன்' என்பது போல. தேர்ந்த வாசகர் குழம்பும்போது என்ன செய்கிறார் என்பதை மாணவர் வேறெங்கும் பார்க்க வாய்ப்பில்லை. பிறகு மௌன வாசிப்பு. அதன்பின் தாளை மூடிவிட்டு 25 சொற்களுக்குள் சுருக்கம். திறந்த தாளைப் பார்த்து எழுதினால் முதல் வரியும் கடைசி வரியும் ஒட்டிக்கொண்டு வரும், சுருக்கம் வராது.

'புரிந்ததா?' என்ற கேள்வியை அறவே விட்டுவிடலாம். எல்லோரும் 'புரிந்தது' என்பார்கள், பொய்யும் சொல்லவில்லை. தனக்குப் புரியவில்லை என்பதே குழந்தைகளுக்குப் பல நேரங்களில் தெரிவதில்லை. முன்னுக்குப்பின் முரணான வரிகள் கொண்ட பகுதிகளைக் கொடுத்தபோது பல பிள்ளைகள் முரணைக் கவனிக்கவே இல்லை என்று எலன் மார்க்மன் 1979இல் காட்டினார். இதையே பயிற்சியாக்கலாம். நல்ல பத்தியொன்றில் பொருந்தாத ஒரு வரியை ஆசிரியர் செருகிவைத்து, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

1984இல் பாலின்சர், பிரவுன் இருவரும் வகுத்த குழு வாசிப்பு முறை நன்கு சோதிக்கப்பட்டது. வினா எழுப்புதல், சுருக்குதல், ஐயம் களைதல், அடுத்து வருவதை ஊகித்தல் ஆகிய நான்கும் அதில் உண்டு. ஆசிரியர் நடத்திக்காட்டி, பிறகு மாணவர் முறைவைத்து நடத்துவார்கள். கெடும் இடம் ஒன்றுதான்: இந்த நான்கு வேலைகளையும் அட்டைகளில் எழுதிப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஆசிரியர் விலகிவிட்டால் அது சடங்காகிவிடும். 'எந்த வரியை வைத்து ஊகித்தாய்?' என்று கேட்க ஆள் இருக்க வேண்டும்.

இனி பகுப்பாய்வு. பலரும் இதை மேல்வகுப்புச் சரக்கு என்று நினைக்கிறார்கள். மூன்று வரி போதும்: 'கதவு தட்டும் சத்தம் கேட்டதும் மாலதி விளக்கை அணைத்தாள். மேசைமேல் விரித்திருந்த கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகுதான் யாரது என்றாள்.' கடிதத்தை மறைக்கிறாள் என்று பத்தியில் எங்கும் எழுதியில்லை, ஆனால் பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். விளக்கை அணைத்தது ஒன்று, செருகிய இடம் ஒன்று. 'பிறகுதான்' என்பதிலுள்ள 'தான்' மூன்றாவது. அதை எடுத்துவிட்டு 'பிறகு' என்று மட்டும் வைத்துப் படித்தால் என்ன குறைகிறது? 'அவனும் வந்தான்', 'அவன்தான் வந்தான்', 'அவனாவது வந்தான்' மூன்றும் ஒன்றல்ல என்பது பேச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுத்தில் அதைக் கவனிக்கப் பழக்குவதே பகுப்பாய்வின் தொடக்கம்.

நாளிதழ் இதற்கு அருமையான பாடநூல். 'கட்டணம் உயர்த்தப்பட்டது' என்ற வரியில் உயர்த்தியவர் இல்லை. செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது. ஒருவர் சொன்னதையே 'கூறினார்', 'ஒப்புக்கொண்டார்', 'சமாளித்தார்' என்று மாற்றி எழுதினால் எழுதியவரின் சார்பு மூன்று விதமாகத் தெரிகிறது. 'எனக் கூறப்படுகிறது' என்று வந்தால், கூறியது யார் என்று ஓரத்தில் கேள்விக்குறி போடப் பழக்கலாம்.

மதிப்பெண் முறை மாறாவிட்டால் இவ்வளவும் ஏட்டோடு நின்றுவிடும். ஐந்து கேள்விகளில் நேரடி விடையுள்ளது ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு கேள்விகள், இரு வெவ்வேறு வரிகளை இணைத்தால்தான் விடை வரும் வகையில் அமையட்டும். நான்காவது ஊகம், ஐந்தாவது சொல் தேர்வு பற்றியது. இரண்டு மதிப்பெண் கேள்வியில் விடைக்கு ஒன்று, ஆதாரமான வரிக்கு ஒன்று. கொள்குறி வினா கொடுத்தால், தவறான தெரிவு ஏன் தவறு என்றும் எழுதச் சொல்லலாம். அது பத்தி சொன்னதைவிட அதிகம் சொல்கிறதா, காரணத்தையும் விளைவையும் புரட்டிப்போடுகிறதா, உண்மையே ஆனாலும் பத்தியில் இல்லாததா? இதை எழுதத் தெரிந்தவர் குருட்டாம்போக்கில் குறியிட மாட்டார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கம் வெளியிடும் நாளிதழ்கள் மாதிரி வினாத்தாளோடு நிறுத்திக்கொள்ளாமல், வாரம் ஒரு 150 சொல் பகுதியும் மேற்சொன்ன வகையில் மூன்று கேள்விகளும் வெளியிடலாம். விடையை மறுவாரம் அச்சிடும்போது, மாணவர்கள் அனுப்பியவற்றில் சரியான ஒன்றையும் தவறான ஒன்றையும் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்த வரி அந்தத் தவறான விடையை மறுக்கிறது என்று காட்டினால் ஆசிரியர்களுக்கும் பயன்படும். மாதம் ஒருமுறை, ஒரே நிகழ்வைப் பற்றிய செய்தியையும் கருத்துக் கட்டுரையையும் அருகருகே கொடுத்து, இரண்டிலும் உள்ள தகவல் எது, இரண்டாவதில் மட்டும் உள்ள தீர்ப்பு எது என்று கேட்கலாம். இதற்குத் தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை, அன்றன்று அச்சாகும் பக்கங்களிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்